துத்திச் செடியில் ஒரு சிவப்புச் சீட்டு

செடி இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது.

காலை ஆறரை மணி இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே, பைக் நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்னால், மதிலை ஒட்டி ஒரு துண்டு நிலம் உண்டு. எருக்கு, உண்ணிச்செடி, ஆமணக்கு, துத்தி என்று கேட்பாரில்லாமல் மண்டிக் கிடக்கும். தோளில் கேமரா பையும் அக்குளில் தர்மாகோல் அட்டையுமாக அங்கே நின்றேன். எருக்கு இருந்தது. உண்ணி இருந்தது. ஆமணக்கு இருந்தது. மற்ற துத்திச் செடிகள் எல்லாம் அப்படியே இருந்தன. என்னுடைய துத்தி மட்டும் இல்லை.

யாராவது புல்டோசர் விட்டு மொத்தமாக வழித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது அப்படியில்லை. நூறு செடிக்கு நடுவே குறிபார்த்து ஒன்றை மட்டும் வேரோடு எடுத்திருந்தார்கள். குழியின் ஈரம்கூடக் காயவில்லை.

குழியைச் சுற்றி வந்தேன். ஷெட் வரை போனேன். திரும்பி வந்தேன். பையை இறக்கி வைத்தேன், மறுபடி மாட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். வந்தது.

அந்தச் செடியின் தண்டில் ஒரு கும்பிடு பூச்சியின் முட்டைக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. காய்ந்துபோன சோப்பு நுரையின் நிறம். தாய்ப்பூச்சி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைக் கட்டுவதை நானே பார்த்தேன். அதாவது பாதி பார்த்தேன். நாலு வாரமாக, மழை பெய்த இரண்டு நாளைத் தவிர, ஒரு காலைகூடத் தவறாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இதோ அதோ என்று பொரிக்கிற நேரம் வந்துவிட்டது. முதல் குஞ்சு வெளியே வருவதிலிருந்து கடைசிக் குஞ்சு வரை இருந்து பார்த்துப் படமெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

மனைவி மெர்லினிடம் சொன்னதுதான் தப்பு. அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "நீயா? கடைசி வரைக்குமா?" என்று கேட்டாள்.  

படம் இல்லாத வாரம்

இந்தத் தொடரோடு ஒவ்வொரு வாரமும் நான் எடுத்த படம் ஒன்று வரும். இந்த வாரம் பக்கத்தில் வெறும் எழுத்துதான் இருக்கிறது என்று நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆசிரியர் குழுவிலிருந்து போன் செய்தார்கள். "பழைய தும்பிப் படம் ஏதாவது அனுப்புங்களேன்" என்றார்கள். மாட்டேன் என்றேன். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் பூச்சி படமெடுக்கிறேன் என்பதே நம்ப முடியாத செய்தி. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. டைப்ரைட்டிங் வகுப்பில் பாதி. கீபோர்டு வகுப்பில் மூன்று பாட்டு. சர்ச் கொயரில் ஒரே ஒரு ஒத்திகை. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் இலையை மூடிவிடுவேன். கூட்டத்துக்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டும் என்று தியேட்டரில் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்துவிடுவேன். அதனால் நான் பார்த்த எந்தப் படத்திலும் கடைசியில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கதாநாயகன் பிழைத்திருப்பான் என்று ஒரு நம்பிக்கைதான்.

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். லாரிகளுக்கான இரும்பு உதிரிபாகங்கள் அடிக்கும் கம்பெனியில் தரப் பரிசோதனை. எட்டு மணி நேரம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாக இரும்பில் விரிசல் தேட வேண்டும். ஒரு நாள் அந்தக் கண்ணாடிக்குக் கீழே, இரும்பின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டது. தலையைத் திருப்பித் துடைத்துக்கொண்டது. நான் அசையாமல் இருந்தேன். ஈ பறந்தபின் கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் நான் ஏழு நிமிடம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

மீஞ்சூரில் எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாண போட்டோகிராபர் பழைய கேமராவைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஆரம்பித்தது.

இரண்டு அடிகளுக்கு நடுவில்

"பூச்சிகளை ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் இன்னும் துல்லியமாக வருமே, ஏன் வெயிலுக்காகக் காத்துக் கிடக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பதில் எளிமையானது. நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் இரும்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணெல்லாம் வெறுத்துவிட்டது. ஃப்ளாஷ் அடித்தால் பூச்சியும் உதிரிபாகம் மாதிரி ஆகிவிடுகிறது. முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் கருப்பு. நான் எடுத்த முதல் இருபது படத்தையும் பார்த்துவிட்டு என் மகள் ஜெனி, "எல்லாம் கம்பெனியில செஞ்ச பூச்சி மாரி கீதுப்பா" என்றாள். அதோடு விட்டேன்.

காலை வெயில் வேறு. ஆறரையிலிருந்து எட்டு வரை அது சாய்வாக வந்து இறக்கையின் உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். பூச்சிகளும் அந்த நேரத்தில் குளிரில் விறைத்துப்போய், பனித்துளியைச் சுமந்துகொண்டு, பறக்க மனமில்லாமல் இருக்கும். நிழல் விழுகிற பக்கம் தர்மாகோல் அட்டையைப் பிடித்தால் போதும். வெயில் ஏறிவிட்டால் அதைத் தணிக்க நடுவில் ஒரு பட்டர் பேப்பர். அவ்வளவுதான் என் சாமான்.

ஆனால் பக்கத்தில் போய் எடுக்கும்போது ஒரு தொல்லை உண்டு. பூச்சியின் கண்ணில் தெளிவு விழுந்தால் அதன் மீசையில் விழாது. நூலளவு அசைந்தாலும் படம் போச்சு. மூச்சு விட்டால் போச்சு. காற்று அடித்தால் போச்சு. அதனால் காலையில் மீஞ்சூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்ப்பேன். புகை நேராக மேலே போனால் காற்றில்லை, இன்றைக்குப் படம் உண்டு. படுத்துக்கொண்டு போனால் அடுத்த ரயிலில் போகலாம் என்று காபி குடிக்க வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

எங்கள் இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஹேம்மர். பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து வடிவம் கொடுக்கிற ராட்சதச் சம்மட்டி. அது இறங்கும் ஒவ்வொரு தடவையும் தரை அதிரும், செடி அதிரும், இலையில் இருக்கிற பூச்சி அதிரும். ஐந்து அடி அடித்துவிட்டு, அடுத்த துண்டை எடுத்து வைக்கிற நேரத்துக்கு நிற்கும். நாலு நொடி. அந்த நாலு நொடிக்குள் மூச்சை அடக்கி, தெளிவு பார்த்து, அழுத்திவிட வேண்டும். நான் எடுத்த ஒவ்வொரு படமும் இப்படி இரண்டு அடிகளுக்கு நடுவில் எடுத்ததுதான். பூச்சிகளுக்கு அந்த அதிர்ச்சி பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

கை செய்த வேலை

குழிக்குத் திரும்புவோம்.

யார் எடுத்திருப்பார்கள், எதற்கு எடுத்திருப்பார்கள் என்று குமைந்துகொண்டு நின்றபோது கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. பேனா தட்டுப்பட்டது. பக்கத்தில் ஒரு கட்டுச் சீட்டு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன், சிவப்புச் சீட்டு.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். எந்தப் பொருளாவது தேவையில்லை, இடத்தை அடைக்கிறது என்று தோன்றினால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்ட வேண்டும். என்ன பொருள், யார் கட்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் சிவப்புச் சீட்டைப் பார்த்தால் கேள்வியே கேட்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் இருக்கும் கம்பிவலைக் கூண்டில் வைப்பார்கள். ஒரு வாரத்துக்குள் யாரும் உரிமை கேட்டு வரவில்லை என்றால் ஸ்கிராப் லாரியில் ஏறிவிடும். உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, துருப்பிடித்த டிராலி, எல்லாம் போகிற வழி அதுதான். வெளியூரிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்பே இந்த வேட்டை ஆரம்பித்துவிடும். அந்த வாரம் தணிக்கை வாரம்.

முந்தின நாள் காலை, இருக்கிற அத்தனை துத்திக்கும் நடுவே என் செடியைத் தேடிக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. எரிச்சலில், நாளைக்கு இந்தப் பாடு வேண்டாம் என்று சட்டைப்பையில் கைவிட்டு, வந்த சீட்டை எடுத்துத் தண்டில் கட்டினேன். கட்டினதோடு விட்டேனா? பதினாறு வருடக் கை. சீட்டு என்றால் நிரப்பித்தான் ஆக வேண்டும் அதற்கு. பொருள்: செடி. கட்டியவர்: தேவராஜ், தரப் பரிசோதனை. கீழே கையெழுத்து, தேதியோடு.

வேறு எந்த ஊரில், வேறு எந்த வேலையில் இருப்பவனும் ஒரு செடிக்கு அடையாளம் வைக்க ஒரு கந்தல் துணியைக் கட்டியிருப்பான். பத்திரமாக இருந்திருக்கும். நான் என் கையாலேயே உத்தரவு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு டீ

எட்டு மணிக்குத்தான் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வருவார்கள். ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன். செக்யூரிட்டி இரண்டு தடவை, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன், எழுந்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரமும் மெர்லினின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஜெனி பிறந்த நாளன்று மெர்லினைப் பிரசவ வார்டுக்குள் அழைத்துப்போன பிறகு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. நடந்துகொண்டே இருந்தேன். "இன்னும் நேரமாகும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். மெர்லினின் தம்பி பெஞ்சில் இருந்தான். "மாமா, எங்கியும் போவாத" என்றான். "பத்து நிமிஷம்தாண்டா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன்.

ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். கடைக்குப் பக்கத்தில் ஒருவர் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். திரும்பி வந்தபோது என் மகள் பிறந்து, துடைத்து, துண்டில் சுற்றி, மச்சான் மடியில் இருந்தாள். புள்ள அப்பா எங்கே, புள்ள அப்பா எங்கே என்று நர்ஸ் மூன்று தடவை வந்து கேட்டாராம். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மாமன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மெர்லின் அன்றைக்கு அழவில்லை, சண்டை போடவில்லை. நாலைந்து நாள் கழித்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "டிராலியில வெளிய தள்ளிக்கினு வந்தாங்க. ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். உன் மூஞ்சி இல்ல" என்றாள். நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.  நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டீத்தூள் கிடையாது. பத்து வருடமாகக் காபிதான். விருந்தாளி கேட்டாலும் காபிதான். "டீ எங்க ஊட்டுக்கு ஒத்துக்கல" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடுவாள். எனக்கு மட்டும்தான் அது குத்தும். நான் தெருமுனைக்குக் கிளம்பினால், "போய்ட்டு வா, இங்க எதுனா பொறந்தா சொல்லி அனுப்பறேன்" என்பாள்.

கும்பிடு பூச்சி விஷயத்தில் நான் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கே அந்தக் குழி முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

கூண்டு

கன்னியம்மா அக்கா எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். ஹவுஸ்கீப்பிங்கில் மூத்தவர். அதற்கு முன்னால் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவர். நிலமெல்லாம் ஷெட் ஆனபின் இங்கே துடைப்பம் பிடித்தார்.

"அக்கா, இங்க ஒரு துத்திச் செடி..."

"நாந்தான் எட்த்தேன் சார். நேத்து சாய்ங்காலம். உங்க கையெழுத்து இருந்துச்சே."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"அதெப்படி போடுவேன்? ஒரு வாரம் வெச்சிக்கினுதான போடணும்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி செடி கீது, இது ஒண்ணு மட்டும் உங்களுக்கு இன்னா பண்ணுச்சுன்னு நானும் ரோசனை பண்ணிக்கினே இருந்தேன். பச்சையா கீதே, வாடிப் போவும்னு வேரோட மண்ணோட எட்த்து பக்கெட்ல வெச்சு தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன்."

அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். கேமராவையும் போனையும் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். கேமரா உள்ள எந்தப் பொருளும் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. அது பழைய சட்டம்.

கூண்டில், கால் உடைந்த ஒரு நாற்காலிக்கும் ஓடாத ஒரு மின்விசிறிக்கும் நடுவே, பெயின்ட் பக்கெட்டில் என் துத்தி நின்றது. சீட்டும் கட்டியபடியே இருந்தது. கூடு தண்டில் பத்திரமாக ஒட்டியிருந்தது. இன்னும் பொரிக்கவில்லை.

"இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்றார் கன்னியம்மா அக்கா.

பக்கெட்டோடு தூக்கிக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் போதும், கேமரா அங்கே இருக்கிறது. ஆனால் சிவப்புச் சீட்டு கட்டிய பொருள் கூண்டை விட்டு வெளியே போக ஒரு பாஸ் வேண்டும். ஸ்டோர்ஸ் வரதன் பாஸ் எழுதினார். வரதன் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். கும்பிடு பூச்சி, அதாவது அவர் ஊரில் பெருமாள் பூச்சி, என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பெருமாள் எங்கே என்று கேட்டால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டும் என்றார். எங்கள் வீட்டில் அது ஜெபம் பண்ணுகிற பூச்சி. இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் அதன்மேல் மரியாதைதான். அதுவோ பக்கத்தில் வருகிற ஈயைக் குறிவைத்துக்கொண்டு நிற்கிறது.

"எழுதிட்டேன் தேவா. மேனேஜர் கையெழுத்து வேணும். தணிக்கைக்காராளோட சுத்திண்டிருக்கார். டீ நேரத்துக்குக் கேன்டீன் வருவார், அப்ப பிடிச்சுடலாம்" என்றார் வரதன்.

டீ நேரம் பத்து மணி. எட்டரைக்கு என் மேஜைக்குப் போனேன். இரும்பு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. பாத்ரூம் போகிறேன் என்று ஒன்பதுக்கு ஒரு தடவை போய்க் கூண்டைப் பார்த்தேன். ஒன்பதரைக்கு ஒரு தடவை. பக்கத்து மேஜைக்காரர், "சுகர் டெஸ்ட் எடுத்துடு தேவா" என்றார். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது தடவை போனேன்.

கூட்டின் நடுவே தையல் போட்டது மாதிரி ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் மஞ்சளாக ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. அரிசியில் பாதி இருக்கும். இரண்டு கருப்புக் கண். அது நெளிந்து நெளிந்து வெளியே வந்து, ஒரு நூலில் தொங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இரண்டு.

அப்போதுதான் நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். கூண்டின் கூரையில் தகரத்துக்கு நடுவே ஒரே ஒரு ஃபைபர் ஷீட். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அது பட்டர் பேப்பர் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் வழியே வெயில் வடிந்து சரியாக அந்தத் தண்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் நான் தேடி அலைந்த வெளிச்சம், ஒரு நிழல்கூட முரட்டுத்தனமாக இல்லாத வெளிச்சம், ஸ்கிராப் கூண்டுக்குள் இருந்தது. என் கேமரா இருநூறு அடி தூரத்தில், செக்யூரிட்டி ரூமில்.

சைரன் ஊதியது. டீ.

வரதன் வராண்டாவிலிருந்து கையை ஆட்டினார். "தேவா, கேன்டீனுக்கு வா. சார் வந்துட்டார். ஒரு கையெழுத்துதானே, பத்து நிமிஷம்தான்."

கணக்குப் போட்டேன். ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கிப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனால், பாதியிலிருந்தாவது படம் கிடைக்கும். யாரும் எடுத்திராத படமாக இருக்கும். ஜெனியின் பள்ளியில் காட்டலாம். இந்தப் பத்திரிகைக்கு அட்டைப்படமே கொடுக்கலாம். பத்து நிமிடம்தான். கால் அரையடி நகர்ந்தும்விட்டது.

அந்தப் பத்து நிமிடம் எனக்குத் தெரிந்த பத்து நிமிடம். அதில் ஒரு டீ இருக்கிறது, இன்னொரு டீ இருக்கிறது, ஒரு பஞ்சர் கடை இருக்கிறது.

"நான் வரல வரதன்" என்றேன்.

கால் உடைந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தேன். கன்னியம்மா அக்காவும் துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் குத்துக்காலிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குஞ்சுகள் கொத்துக்கொத்தாக இறங்கி, வெந்த சேமியா மாதிரி கூட்டுக்குக் கீழே தொங்கின. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியிருந்த மெல்லிய தோலை உதறிக் கழற்றியது. உள்ளே மடங்கியிருந்த காலெல்லாம் விரிந்தது. அடுத்த நிமிடமே அது கும்பிடு பூச்சியாக, முன்னங்கையை மடக்கிக்கொண்டு, மற்றவற்றின் முதுகில் ஏறி மேலே நடந்தது. ஹேம்மர் இறங்கும்போதெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த மொத்தக் கொத்தும் ஒரு தடவை குலுங்கி நின்றது. பிறந்த நிமிடத்திலேயே அதுகளுக்கு ஹேம்மர் பழகிக்கொண்டிருந்தது. என் கை கேமராவைத் தேடி இரண்டு தடவை மேலே வந்தது. பிறகு முழங்காலில் இருந்துவிட்டது.

"தாயி எங்க சார் இதுங்களுக்கு?" என்று கேட்டார் அக்கா.

"கூடு கட்டினதும் போயிடும்க்கா. அப்பனும் கெடையாது."

"பாவம்" என்றார். பிறகு, "நம்ம கீறமே" என்றார்.

டீ முடிந்ததற்கு இரண்டாவது சைரன் ஊதியது. நான் எழுந்திருக்கவில்லை. நூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன். கடைசியாக வந்தது பாதி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. செத்துவிட்டது என்று அக்கா சொன்னார். நான் இல்லை என்றேன். அடுத்த ஐந்து அடிக்குப் பிறகு அதுவும் இறங்கியது.

மேஜையில் இல்லாததற்கு விளக்கம் கேட்டார்கள். பூச்சி பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உள்ளபடியே எழுதினேன். வரதன் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "வயித்து வலின்னு எழுது" என்றார். பாஸ் மாலையில் கையெழுத்தாகி வந்தது. அதற்குள் குஞ்சுகள் பழைய நாற்காலி, மின்விசிறி என்று கூண்டு முழுக்கப் பரவிவிட்டிருந்தன. செடியில் மிச்சமிருந்த இருபது முப்பதைப் பக்கெட்டோடு கொண்டுபோய் அதே குழியில் கன்னியம்மா அக்கா நட்டார். சிவப்புச் சீட்டை நானே அவிழ்த்தேன்.

வீட்டுக்குப் போனபோது மெர்லின் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஜெனி தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பொரிஞ்சுதாப்பா?"

"பொரிஞ்சுது."

"காட்டு, காட்டு."

"ஃபோட்டோ எடுக்கலடா."

மெர்லினின் கத்தி நின்றது. "எடுக்கலியா? அப்ப இந்த தடவையும் பாக்கல" என்றாள்.

"பாத்தேன். மொதல்லேர்ந்து."

குழி, சீட்டு, கூண்டு, வரதன், கன்னியம்மா அக்கா எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வந்து நின்ற கடைசிக் குஞ்சையும் சொன்னேன். ஜெனி ஆயிரம் கேள்வி கேட்டாள். மெர்லின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நடுவுல எங்கியும் போவல?"

"டீ சைரன் அடிச்சுது" என்றேன். "போவல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெங்காயத்தை முழுக்க அரிந்து முடித்தாள், தட்டில் வழித்துப் போட்டாள், கையைக் கழுவினாள்.

"ஜெனி, கடைக்குப் போய் ஒரு டீத்தூள் பாக்கெட் வாங்கினு வா" என்றாள்.

"டீத்தூளா? நம்ம ஊட்டுக்கா?"

"ஆமா, நம்ம ஊட்டுக்குத்தான்."

பழக்கதோஷத்தில் நான் செருப்பைத் தேடி எழுந்தேன்.

"நீ எங்க போற? ஒக்காரு" என்றாள் மெர்லின். "அவ போய்ட்டு வரட்டும்."

உட்கார்ந்தேன்.